கையில் இருக்கும் கன்சோல் போதுமா, புதியது வேண்டுமா?

2025 ஜூன் 14. தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனின் ஃபீனிக்ஸிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

அண்ணா, என்னிடம் 2019 இறுதியில் வாங்கிய நின்டெண்டோ ஸ்விட்ச் லைட் என்ற கையடக்க கேம் கருவி இருக்கிறது. பேட்டரி முன்போல் நிற்பதில்லை. இடது ஸ்டிக்கைத் தொடாமலே கேமின் கதாபாத்திரம் ஒரு பக்கமாக நகர்கிறது. இந்த மாதம் ஸ்விட்ச் 2 வந்துவிட்டதால், பழைய கருவிக்கு இனி மதிப்பே இல்லை, விற்றுவிட்டுப் புதியதை வாங்கு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வாங்கிவிடலாமா?

ஜூன் 14, இரவு

தம்பி, உங்கள் கேள்விக்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. கருவி பழுதாகிவிட்டதே, என்ன செய்வது என்பது ஒன்று. புதிய கருவி வந்திருக்கிறதே, அது எனக்குத் தேவையா என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு கடைக்குப் போனால், பழுது பார்க்கும் செலவோடு முடிய வேண்டியதற்குப் புதிய கருவியின் முழு விலையைக் கொடுத்துவிட்டு வருவோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதமே விளையாடத் தொடங்கப்போகிற ஒரு கேமின் பெயரை உங்களால் சொல்ல முடிந்து, அது கையில் இருக்கும் கருவியில் ஓடாது என்றும் தெரிந்தால், அப்போது மாற்றுங்கள். ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’ ஸ்விட்ச் 2இல் மட்டுமே ஓடும். அதை வீட்டில் பிள்ளைகளோடு விளையாடத்தான் போகிறீர்கள் என்றால் அது நல்ல காரணம். பெயர் எதுவும் சொல்லத் தெரியாமல், எல்லோரும் வாங்குகிறார்களே என்ற எண்ணம் மட்டும் இருந்தால், அந்த ஆசை புதிய பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே தணிந்துவிடும். நீங்கள் வாங்கி வைத்து இன்னும் திறக்காத கேம்கள் எத்தனை என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

ஜூன் 15

பேட்டரி பற்றி நேற்று எழுதவில்லை. அதைத் தனியாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஸ்விட்ச் லைட்டின் பேட்டரி 3570 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு கொண்டது. புதிதாக இருக்கும்போது, கேமைப் பொறுத்து மூன்று முதல் ஏழு மணி நேரம் வரை ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஏறக்குறைய 800 சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு ஸ்விட்ச் பேட்டரியின் கொள்ளளவு 80 விழுக்காடாகக் குறையும் என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். தினமும் ஒரு முழுச் சுற்று என்று வைத்துக்கொண்டால், 800 சுற்றுகள் இரண்டு ஆண்டுகளைச் சற்றே தாண்டியதும் முடிந்துவிடும். ஆறு ஆண்டுகளை நெருங்கும் உங்கள் பேட்டரி தளர்ந்திருப்பதில் வியப்பு ஒன்றும் இல்லை.

நம் ஊருக்கென்று ஒரு கூடுதல் காரணமும் உண்டு. 2022, 2023 ஆண்டுகளில் அட்டவணை போட்டு மின்சாரத்தை நிறுத்தியபோது, டர்பனில் எந்த வீட்டில்தான் எல்லாவற்றையும் நூறு விழுக்காடு சார்ஜில் வைத்திருக்கவில்லை? மின்சாரம் வந்தவுடன் செருகுவோம், மறுபடி போகும்வரை பிடுங்கமாட்டோம். லித்தியம் பேட்டரிக்கு இந்தப் பழக்கம் ஒத்துக்கொள்வதில்லை. முழு சார்ஜிலேயே நெடுநேரம் வெப்பத்தில் இருந்தால் அதன் வேதிப்பொருள்கள் விரைவாகச் சிதைகின்றன. நம் பிப்ரவரிப் புழுக்கத்தில், செருகியபடியே அலமாரியில் கிடந்த கருவிகள் எல்லாம் வயதுக்கு மீறி மூத்துவிட்டன.

மாற்றுப் பேட்டரி கிடைக்கிறது. லைட்டில் அது பசையால் ஒட்டப்பட்டிருப்பதால், கூர்மையான உலோகத்தால் நெம்பாமல் பொறுமையாக எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஜூன் 17

ஸ்டிக் தானாக நகர்வதைப் பற்றி இன்னும் இருவர் கேட்டிருக்கிறார்கள்.

இந்த ஸ்டிக்கின் உள்ளே கரிப்பூச்சு பூசிய சிறிய தடம் ஒன்று இருக்கிறது; அதன்மேல் மெல்லிய உலோகத் துடைப்பான் உரசி உரசி, ஸ்டிக் எங்கே நிற்கிறது என்பதைக் கருவிக்குச் சொல்கிறது. உரசும் எதுவும் தேயும். என் தங்கை மகனின் லைட்டைத் திறந்து பார்த்தபோது, பின்மூடியையும் அதற்கடியில் இருந்த உலோகத் தகட்டையும் எடுத்தபின், ஸ்டிக்கின் அடிப்பகுதியைச் சுற்றி மிக நுண்ணிய கரும்பொடி படிந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது. தட்டையான ஒரு நாடா வயர்தான் அதை மதர்போர்டோடு இணைக்கிறது. அதைப் பிடித்திருக்கும் நகக்கண் அளவுள்ள தாழ்ப்பாளை நிமிர்த்திவிட்டு இழுக்க வேண்டும். நிமிர்த்தாமல் இழுத்தால் தாழ்ப்பாள் உடைந்துவிடும். வெளியே இருக்கும் மூன்று கால் தலையுள்ள திருகுகளுக்கு அதற்கேற்ற திருப்புளி வேண்டும். சாதாரணத் திருப்புளியைப் போட்டால் தலை வழுக்கிவிடும்.

பெரிய ஸ்விட்சில் ஸ்டிக் இருக்கும் பக்கவாட்டுப் பகுதியான ஜாய்கானைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். லைட்டில் ஸ்டிக் உடலோடு சேர்ந்தது என்பதால் திறந்தே ஆக வேண்டும். காந்தப் புலத்தால் நிலையை அறியும் ஹால் வகை ஸ்டிக்குகள் மாற்று உறுப்பாக விற்கப்படுகின்றன. அவற்றில் உரசும் தடம் இல்லாததால் இந்தத் தேய்மானமும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஸ்விட்ச் 2இன் ஸ்டிக்குகளும் ஹால் வகை அல்ல என்று நிறுவனமே உறுதிப்படுத்தியிருக்கிறது. ஸ்டிக் தொல்லையிலிருந்து தப்பிக்கவே புதியதை வாங்குகிறேன் என்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். பழுது பார்ப்பதற்கு எவ்வளவு எளிது என்ற கணக்கில் ஐஃபிக்சிட் தளம் ஸ்விட்ச் 2க்குப் பத்துக்கு மூன்றுதான் கொடுத்திருக்கிறது.

ஜூன் 18

பேட்டரி உப்பியிருந்தால் மேலே எழுதியவற்றைச் செய்ய வேண்டாம். பிஎஸ்பி என்ற என் பழைய சோனி கையடக்கக் கருவியை நெடுநாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது, பின்புற மூடியின் ஓர் ஓரம் எழும்பி நின்றது. மேசைமேல் வைத்தால் கருவி ஆடியது. அப்படி இருந்தால் சார்ஜ் போடக் கூடாது, அழுத்தக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. பழைய பேட்டரி சேகரிக்கும் பெட்டி வைத்திருக்கும் கடையில் சேர்த்துவிடுங்கள்.

ஜூன் 29

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருப்பது வேறு விதமான கேள்வி: “திறன் கூடிய கருவி என்றால் எல்லா விதத்திலும் மேல்தானே?”

அப்படி இருந்திருந்தால் கேம் பாய் தோற்றிருக்க வேண்டும். 1989இல் அது வந்தபோது அதன் திரையில் நிறமில்லை, பின்னொளி இல்லை. 160க்கு 144 புள்ளிகள்தான். அதே ஆண்டு வந்த அட்டாரி லின்க்ஸிலும், அடுத்த ஆண்டு ஜப்பானில் வந்த செகா கேம் கியரிலும் வண்ணத் திரையும் ஒளியும் இருந்தன. ஆனால் அவை ஆறு பென்சில் பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். கேம் பாய் நான்கே பேட்டரிகளில் பத்து மணி நேரத்திற்கும் மேல் ஓடியது. பழகித் தேர்ந்த, விலை இறங்கிய தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்து என்பதுதான் அதை உருவாக்கிய குன்பே யோகோயின் கொள்கை. கப்பலில் வேலை செய்த என் மாமா கொண்டுவந்த கேம் பாய், மெர்பேங்க் வீட்டுத் திண்ணையில் நாங்கள் நான்கு பேர் மாற்றி மாற்றி விளையாடியும் தாங்கியது. வெளிச்சம் போதவில்லை என்றால் ஜன்னல் பக்கம் திரும்பி உட்காருவோம். பேட்டரி தீர்ந்தால்தான் வீட்டில் சண்டை வரும்.

அக்கா, உங்கள் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான் துறைமுகப் பக்கம் வேலைக்குப் பேருந்தில் போகிறேன். பேருந்திலும் டாக்சியிலும் எதை வெளியே எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பது இந்த ஊரில் வாழ்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்கும் பழைய கருவியை நான் எடுப்பேன், 7.9 அங்குலத் திரையுள்ள புதுக் கருவியை எடுக்கமாட்டேன். வெளியே எடுக்க அஞ்சும் கருவியை வீட்டில் மட்டுமே விளையாடுவோம். வீட்டில் மட்டுமே விளையாடுபவர் அந்தப் பணத்துக்குத் தொலைக்காட்சியோடு இணைக்கும் கன்சோலையும் சேர்த்து எடை போட வேண்டும். எந்த நேரத்தில், எந்த இடத்தில் விளையாடுகிறீர்கள் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு சிப்பைப் பற்றிப் பேசலாம்.

ஜூலை 13

முதல் நாள் ஒரே ஒரு காரணத்தைத்தான் சொல்லியிருந்தேன்: ஓடாத கேம். அதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அது கண்.

நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குக் கண்ணின் வில்லை இறுகி, அருகில் இருப்பது மங்கத் தொடங்குகிறது. லைட்டின் திரை 5.5 அங்குலம். பல கேம்களில் எழுத்தின் அளவைத் தொலைக்காட்சியை மனத்தில் வைத்து அமைத்திருக்கிறார்கள். உரையாடல் ஓரளவுக்குத் தெரியும், ஆனால் பொருள்களின் விவரமும் ஆயுதத்தின் எண்களும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். கதை கேம்களை விரும்பி விளையாடும் எனக்கு இது பெரிய இழப்பு. வேகமாக வாசிக்க முடியாதபோது உரையாடலைத் தாண்டிவிடுகிறோம், தாண்டிவிட்டால் கதை போய்விடுகிறது.

கருவியை மாற்றுவதற்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஸ்விட்சின் அமைப்புகளில் உருப்பெருக்க வசதியை இயக்கிவிட்டால், ஹோம் பொத்தானை இருமுறை அழுத்தித் திரையைப் பெரிதாக்கலாம். மற்றொன்று, படிப்பதற்கான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மாலை விளையாடிப் பார்ப்பது. இரண்டுக்குப் பின்னும் கண் வலித்தால் பெரிய திரை தேவைதான், அதற்காகச் செலவழிப்பதில் தவறே இல்லை. முதல் ஸ்விட்ச் 6.2 அங்குலம், 2021இல் வந்த, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை மாதிரி 7 அங்குலம். ஓஎல்இடி மாதிரியில் கேம்கள் அதே வேகத்தில்தான் ஓடும்; ஆனால் எழுத்தின் விளிம்பும் கறுப்பின் ஆழமும் கண்ணுக்குத் தரும் இதம் உண்மையானது.

ஜூலை 14

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், அப்படியானால் தன்னுடைய ஓஎல்இடியைக் கொடுத்துவிட்டு ஸ்விட்ச் 2 வாங்கினால் இன்னும் நன்றாக இருக்குமே என்கிறார். எப்போதும் அப்படி இருக்காது. ஸ்விட்ச் 2இன் திரை, பின்னொளியில் தெரியும் எல்சிடி. அளவில் பெரியது, 1080 வரிகள் கொண்டது, நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும். ஆனால் கறுப்பு, ஓஎல்இடியின் கறுப்பாக இருக்காது. ஸ்விட்ச் 2க்கான புதுப்பிப்பு வராத பழைய கேம்கள் பொதுவாக 720 வரிகளிலேயே ஓடி, பெரிய திரைக்கு இழுக்கப்படுவதால் சற்று மங்கலாகத் தெரியும். மறுபக்கம், ‘போக்கிமான் ஸ்கார்லெட்’, ‘வயலெட்’ போன்று இலவசப் புதுப்பிப்பு பெற்றவை நொடிக்கு 60 படங்களாக ஓடி, வேறு கேம் போலவே ஆகிவிடுகின்றன. நீங்கள் விளையாடும் கேமுக்குப் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பெயர் பெயராகப் பாருங்கள்.

ஜூலை 26

புதியது வாங்க முடிவு செய்துவிட்டவர்களுக்காக, விலைச்சீட்டில் தெரியாத சில செலவுகள். பழைய மைக்ரோ எஸ்டி கார்டை ஸ்விட்ச் 2இல் போட்டால், படங்களையும் காணொளிகளையும் எடுத்துக்கொள்ள மட்டுமே முடியும். கேமைச் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டு வேண்டும், அதன் விலை அதிகம். உள்ளே 256 ஜிகாபைட் இருப்பதால் தொடக்கத்தில் சமாளிக்கலாம். சில கேம்கள் கீ கார்டாக வருகின்றன. கடையில் கார்டு வாங்கினாலும் கேமின் உள்ளடக்கத்தை இணையத்தில் இறக்கத்தான் வேண்டும், விளையாடும்போது கார்டும் உள்ளே இருக்க வேண்டும். ஃபைபர் இணைப்பு இல்லாமல் மொபைல் டேட்டாவில் ஓட்டும் வீடுகளுக்கு இது சிறிய விஷயம் இல்லை.

பழைய கருவியை விற்கும் எண்ணம் இருந்தால், விளையாடிய பதிவுகள் எல்லாம் புதியதற்குப் போய்ச் சேர்ந்துவிட்டன என்று ஒவ்வொரு கேமையும் திறந்து பார்த்த பிறகே அழியுங்கள். விற்காமல் தம்பி தங்கையிடம் கொடுப்பதானால் இன்னும் நல்லது. ஏப்ரல் இறுதியில் வந்த மெய்நிகர் கேம் கார்டு முறையில், குடும்பக் குழுவில் உள்ளவருக்கு டிஜிட்டல் கேமை இரண்டு வாரத்துக்குக் கடனாகக் கொடுக்க முடியும்.

ஆகஸ்ட் 9

“காத்திருந்தால் விலை இறங்கும்” என்று பலரும் இங்கே எழுதுகிறார்கள். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்து வந்தேன், அதற்கு வலுவான சான்றுகளும் இருந்தன. நின்டெண்டோவின் முந்தைய கையடக்கக் கருவியான 3டிஎஸ் 2011 தொடக்கத்தில் 249 டாலருக்கு வந்தது; அதே ஆகஸ்டில் 169 டாலராக இறங்கியது. முன்பே வாங்கியவர்களைச் சமாதானப்படுத்த இருபது பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள். திருத்திய பதிப்புகளும் விரைவிலேயே வந்தன: கேம் பாய் அட்வான்ஸ் 2001, ஒளியும் சார்ஜ் செய்யும் பேட்டரியும் கொண்ட அதன் எஸ்பி 2003. டிஎஸ் 2004, டிஎஸ் லைட் 2006. ஸ்விட்ச் 2017, பேட்டரி நீடித்து ஓடும் திருத்தம் 2019. கணினி கேம்களைக் கையில் வைத்து ஓட்டும் ஸ்டீம் டெக் 2022, அதன் ஓஎல்இடி 2023. முதல் பதிப்பை விட்டு இரண்டாம் பதிப்பை வாங்கு என்பதற்கு இந்த வரிசையே போதும்.

ஆனால் இந்த மாதத் தொடக்கத்தில், எட்டு ஆண்டு வயதான ஸ்விட்சின் விலையை அமெரிக்காவில் ஏற்றியிருக்கிறார்கள். ஓஎல்இடி 349.99 டாலரிலிருந்து 399.99 டாலருக்குப் போய்விட்டது. பழைய கருவியின் விலை ஏறுவது இந்தத் துறையில் நாம் பார்த்துப் பழகாதது. நமக்கு ரேண்டின் ஏற்ற இறக்கமும் 15 விழுக்காடு வாட் வரியும் அதன் மேல். ஆகவே விலைக்காகக் காத்திருப்பதை நான் இனிப் பரிந்துரைக்கமாட்டேன். திருத்திய பதிப்புக்காகக் காத்திருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டம் 2027 பிப்ரவரியிலிருந்து, பயனரே கழற்றி மாற்றக்கூடிய பேட்டரியைக் கோருகிறது. அதனால் கருவிகளின் அமைப்பு மாறினால் அந்த மாற்றம் நமக்கும் வந்து சேரும் என்று எதிர்பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 10

காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 3டிஎஸ்ஸின் இணையக் கடை 2023 மார்ச் 27இல் மூடப்பட்டது. 2024 ஏப்ரலில் இணைய விளையாட்டும் நின்றது. கார்டாக வாங்கிய கேம்கள் இன்றும் ஓடுகின்றன. கடையில் மட்டுமே கிடைத்தவற்றைப் பிறகு வாங்கலாம் என்று விட்டவர்களுக்கு அவை கிடைக்காமலே போயின. உங்கள் பழைய கருவியின் கடையில் நெடுநாளாக விரும்பிய சிறிய கேம் இருந்தால், புதிய கருவிக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து அதை இப்போதே வாங்குங்கள்.

செப்டம்பர் 6

ஸ்டீம் டெக் பற்றி டோங்காட்டிலிருந்து வந்த கேள்வி: “மின்சாரம் போனால் பவர் பேங்க் போட்டு எவ்வளவு நேரம் ஓட்டலாம்?” அட்டவணைப்படியான மின்வெட்டு ஓய்ந்திருந்தாலும், கேபிள் பழுதென்றும் திருட்டென்றும் தெரு இருண்டுபோவது நிற்கவில்லை என்பதால் இது தேவையான கேள்விதான்.

20,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருக்கும் பவர் பேங்க், உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட் மணி. மின்னழுத்தத்தை ஏற்றும்போதும் வயரிலும் இழப்பது போக, கைக்கு வருவது 50 வாட் மணியைச் சற்றுத் தாண்டும். ஸ்விட்ச் லைட்டின் பேட்டரி 14 வாட் மணியைத் தொடாது; ஸ்விட்ச் 2 சுமார் 20; முதல் ஸ்டீம் டெக் 40; டெக் ஓஎல்இடி 50. அதாவது ஒரே பவர் பேங்க் லைட்டை மூன்று முறைக்கு மேல் நிரப்பும், டெக் ஓஎல்இடியை ஒருமுறை நிரப்பிவிட்டுத் தானும் தீர்ந்துவிடும். டெக்கின் சார்ஜர் 45 வாட் என்பதால், பிடி (பவர் டெலிவரி) என்ற சார்ஜ் முறையில் அந்த அளவைத் தரக்கூடிய பவர் பேங்காகப் பார்த்து வாங்க வேண்டும்.

டெக்கில் நான் மனமாரப் பாராட்டும் ஒன்று, திரையின் வேகத்தை நொடிக்கு 40 படங்கள் என்று கட்டி வைத்து, சிப்புக்குப் போகும் மின்சாரத்தையும் நாமே குறைக்கலாம் என்பது. மெதுவாக நடக்கும் கேமில் இப்படிச் செய்தால் பேட்டரி கண்கூடாக நீள்கிறது. கணினியில் ஏற்கெனவே வாங்கிய கேம்கள் நூலகத்தில் குவிந்து கிடப்பவருக்கு டெக் நியாயமான அடுத்த படி. இங்கே அதைப் பெரும்பாலும் இறக்குமதி செய்பவர்களிடமே வாங்க வேண்டியிருக்கிறது. பழுதானால் யார் பொறுப்பு, எங்கே அனுப்புவார்கள் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் கேளுங்கள்.

அக்டோபர் 12

தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காகப் பழைய கருவி தேடுகிறேன் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். முதல் கருவியாகப் பழையதைக் கொடுப்பதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஸ்விட்சின் கேம்கள் எட்டு ஆண்டாகச் சேர்ந்திருக்கின்றன, எந்தப் பிள்ளையும் அவற்றை விளையாடி முடித்துவிட முடியாது.

கடையில் வாங்கினால் நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. பொருள் குறையுடையது என்று ஆறு மாதத்திற்குள் தெரிந்தால், பழுது நீக்கம், மாற்று, பணம் ஆகியவற்றில் ஒன்றைக் கேட்கலாம். எந்தக் குறையைச் சொல்லி விற்றார்களோ அதற்கு இது பொருந்தாது. தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. அப்போது உங்கள் கண்தான் துணை.

ஆகவே ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் சந்தித்து, கருவியை இயக்கிப் பாருங்கள். அமைப்புகளில் ஸ்டிக்கைச் சரிபார்க்கும் பக்கத்தைத் திறந்து, கையை எடுத்தபின் குறி நடுவிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். சார்ஜர் செருகும் துளையை டார்ச் அடித்துப் பார்ப்பது நம் கரையோரத்தில் மிக முக்கியம். உப்புக் காற்றில் இருந்த கருவியானால் உள்ளே பச்சை படிந்திருக்கும், செருகினால் நின்று நின்று சார்ஜ் ஏறும். ஓஎல்இடி என்றால் ஒரே வண்ணப் படத்தைத் திரை முழுக்க வைத்து, பழைய பட்டியல்களின் நிழல் தெரிகிறதா என்று பாருங்கள். இணையக் கடையைத் திறக்கச் சொல்லுங்கள்; தடை செய்யப்பட்ட கருவியானால் அங்கே நுழைய முடியாது. கடைசியாக, விற்பவர் தன் கணக்கை உங்கள் முன்னாலேயே நீக்கி, கருவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.